நிரந்தர வீடு என்று எழுதிக் கொடுத்தோம்

வன்னியின் பிரதேச சபைகளில் அமர்ந்திருக்கும் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

ஆவணி முடியப் போகிறது. இன்னும் சில கிழமைகளில் எங்கள் குளங்களின் கீழே காலபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் கூடும். எந்தத் திகதிக்குள் வாய்க்கால் துப்புரவாக்குவது, எந்தத் துருசைத் திருத்துவது, யாருடைய பங்கு எங்கிருந்து எங்கே வரை என்றெல்லாம் பேசி முடிவெடுத்து எழுதிக்கொள்வார்கள். இரணைமடு கட்டி நூறு வருடம் கடந்துவிட்டது. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் பண்டைக் காலத்துக் குளங்கள், பிறகு திருத்திக் கட்டப்பட்டவை. இவை இன்றைக்கும் தண்ணீர் தருவதற்குக் கட்டியவர்களின் கெட்டித்தனம் ஒரு காரணம். வருடா வருடம் யாரோ குளக்கட்டில் நடந்து எலிவளையையும் கறையான் புற்றையும் தேடிப் பார்த்தது மற்றக் காரணம்.

அதே மாதங்களில் எங்கள் பொதுக் கட்டடங்களின் கூரையில் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தன். மீள்குடியேற்றம் தொடங்கிய 2010-லிருந்து பல வருடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீட்டுத் திட்டங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் அளவெடுத்து, அத்திவாரம் முடிந்தது, யன்னல் கதவுக்கு மேலே போகும் லிண்டல் மட்டம் முடிந்தது, கூரை முடிந்தது என்று கட்டம் கட்டமாகக் கையெழுத்து வைத்தவன். அந்த நாட்களில் எங்கள் படிவங்களில் மூன்று சொற்கள் இருந்தன: தற்காலிகக் கொட்டில், அரைநிரந்தர வீடு, நிரந்தர வீடு. தறப்பாளுக்குக் கீழே இரண்டு மாரியைக் கழித்த சனத்துக்கு அந்த மூன்றாவது சொல் எவ்வளவு பெரியது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நிரந்தர வீடு என்ற கட்டத்தில் சரி போட்ட கை என்னுடையது.

சென்ற வைகாசியில் அப்படி 2013-ல் முடிந்த வீடொன்றுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா என்னை அடையாளம் கண்டு, முன் விறாந்தையில் கதிரை போட்டார். தேத்தண்ணி வருவதற்குள் என் கண் யன்னலுக்கு மேலே நீட்டி நிற்கும் கொங்கிறீற் தட்டுக்குப் போய்விட்டது. அதன் அடிப்பக்கத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு. வெடிப்பின் ஓரத்தில் தேத்தண்ணிக் கறை போன்ற மண்ணிற ஒழுக்கு. விரல்நுனியால் தொட்டேன். உள்ளங்கை அளவு துண்டு கழன்று கையில் வந்தது. உள்ளே கம்பி ஓலைப்பெட்டியின் பழைய விளிம்பு போல் ஏடு ஏடாக உரிந்து நின்றது. மூடியிருந்த சீமெந்தின் தடிப்பை அளந்தேன். 8 மில்லிமீற்றர்.

"இது நிரந்தர வீடெண்டுதானே தம்பி தந்தனீங்கள்? பிறகேன் உதிருது?" என்று கேட்டார் அம்மா. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் அதற்கு முன் வாழ்ந்தது மண்வீடு. சாணி போட்டு மெழுகவும், மாரிக்கு முன் கூரையைக் கிடுகு மாற்றி வேயவும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீடு கை கேட்கும் வீடு. இது கை கேட்காத வீடு என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். சொல்லிக் கொடுத்தோம் என்றால், எதுவும் சொல்லாமல் திறப்பைக் கையில் கொடுத்தோம்.

அவருக்கு அன்று நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். கிளிநொச்சியில் போரில் வீழ்ந்த பெரிய தண்ணீர்த் தாங்கி ஏ9 வீதியோரம் பல வருடம் சரிந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடைந்த சுவரில் துருத்திக்கொண்டு நின்ற கம்பிகள்தான் கொங்கிறீற்றின் உள்ளுடல். கல்லும் மண்ணும் சீமெந்தும் சேர்ந்த கட்டி, அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அறும். இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிக்கு எதிரி கறள். ஆனால் புதிய கொங்கிறீற்றுக்குள் கம்பிக்குக் கறள் பிடிக்காது, ஈரம் இருந்தாலும் பிடிக்காது. சீமெந்தின் காரம் அவ்வளவு கடுமையானது. பி.எச். அளவில் 12.5-க்கு மேல் நிற்கும் அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படை ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது.

காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து அந்தக் காரத்தைத் தின்கிறது. அது 9-க்குக் கீழே இறங்கி, அந்த எல்லை கம்பியைத் தொட்ட நாளில் காப்பு போய்விடுகிறது. பிறகு ஈரமும் காற்றும் போதும். இரும்பு கறளாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கிறது. கறள் பிடித்த கம்பி மெலியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கம்பி மெலிய மெலிய அதைச் சுற்றிய கறள் வீங்குகிறது. வீங்கி, தன்னை மூடியிருக்கும் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. அம்மாவின் யன்னல் தட்டில் கம்பி போன வழியே வெடிப்பும் நேர்கோடாகப் போனது அதனால்தான்.

அன்று என் பையில் பினோல்ப்தலீன் போத்தல் இருந்தது. பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடங்களில் இருக்கும் அதே திரவம்தான். புதிதாக உடைந்த இடத்தில் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் பகுதி ஊதாச்சிவப்பாக மாறும். காரம் செத்த பகுதி நிறம் மாறாது. தெளித்தேன். கம்பிக்கு அப்பால் இரண்டு விரல் உள்ளே போன பிறகுதான் நிறம் வந்தது. அம்மா கிட்ட வந்து பார்த்து, "அப்ப அந்த ரோஸ் நிறம் இருக்கிற இடம் மட்டும்தான் உயிரோட இருக்குதோ?" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியல் வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த ஊர்தல் நேரத்தோடு நேர்விகிதத்தில் போவதில்லை. போகப் போக மெதுவாகும். ஒரு கொங்கிறீற்றில் 20 மில்லிமீற்றர் உள்ளே போக 40 வருடம் எடுக்குமென்றால், அதே கொங்கிறீற்றில் 10 மில்லிமீற்றர் போக 10 வருடமே போதும். மேசன்மார் 'கவர்' என்று சொல்லும் அந்த மூடுதடிப்புப் பாதியானால், ஆயுள் கால்வாசியாகிறது. கொங்கிறீற் ஊற்றும் பலகைக்கும் கம்பிக்கும் இடையில் வைக்க மறந்த ஒரு சின்னச் சீமெந்துக் கட்டை முப்பது வருடத்தைக் கொண்டுபோய்விடுகிறது. 2010-க்கும் 2015-க்கும் இடையில் கட்டிய நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இப்போது சரியாக இந்த வயதில் நிற்கின்றன. இதுவரை எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

எங்கள் மண்ணுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு.

ஒன்று தண்ணீர். கொங்கிறீற் இறுகுவது காய்வதால் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரைக் குடித்துத்தான் அது இறுகுகிறது. போட்ட பிறகு குறைந்தது 7 நாட்களுக்கு ஈரம் காயவிடக்கூடாது. ஈரம் போதாத கொங்கிறீற்றின் வெளித்தோல், நுண்துளை நிறைந்து, காற்றை இலகுவாக உள்ளே விடும். வீடு கட்டும் காலமோ கோடை. ஆடி ஆவணிக் காற்றில் போட்ட கொங்கிறீற் பின்னேரத்துக்குள் வெளுத்துவிடும். கிணற்றில் அடிமண் தெரியும். பவுசரில் வந்த தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பதா, லிண்டலுக்கு ஊற்றுவதா என்ற கேள்வி முன்னால் நிற்கும்போது, சாக்கை நனைத்துப் போடுங்கள் என்று சொல்ல என் வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வீடுகளுக்கு ஒதுக்கிய பணமும் அளவானது. 2012 ஒக்ரோபர் 2-ல் வேலை தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டக் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். சீமெந்தும் மண்ணும் கூலியும் ஏறிக்கொண்டே போன காலம் அது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

மற்றது உப்பு. முல்லைத்தீவுக் கரை, கொக்கிளாய், நாயாறு, பூநகரி, மன்னார்ப் பக்கம் எல்லாம் உப்புக்காற்றும் உவர்க் கிணறும் உள்ள இடங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு காரத்தைக் குறைக்கும் வரை காத்திருக்காது. காரம் இருக்கும்போதே காப்புப் படையில் ஊசித்துளை போட்டுக் கம்பியை அரிக்கும். கணக்கைப் பாருங்கள். கம்பி போட்ட கொங்கிறீற்றில் சீமெந்து எடையின் 0.4 வீதத்துக்கு மேல் குளோரைட்டு இருக்கலாகாது என்பது நாங்கள் படித்த பிரித்தானிய விதி. 50 கிலோ பை ஒன்றுக்கு அது 200 கிராம். ஒரு பைக்குச் சுமார் 25 லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறோம். கடல்நீரின் ஒரு லீற்றரில் 19 கிராம் அளவு குளோரைட்டு உண்டு. ஆக, கடல்நீரில் குழைத்தால் 475 கிராம், எல்லையின் இரண்டு மடங்குக்கும் மேல். கடல்நீரில் யாரும் குழைப்பதில்லைத்தான். ஆனால் கழுவாத கரை மண்ணும், வாயில் வைக்க முடியாத கிணற்றுத் தண்ணீரும், பிறகு பத்து வருட உப்புக்காற்றும் சேர்ந்தால் அதே கணக்குக்குக் கிட்ட வந்துவிடும்.

இவை கட்டும்போது நடந்தவை. இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியது கட்டிய பிறகு நடப்பது. அங்கேதான் உங்கள் சபைகள் வருகின்றன.

ஒரு வாசிகசாலையின் கதை சொல்கிறேன். ஊரையும் சபையையும் சொல்லவில்லை. மேலே தட்டைக் கொங்கிறீற் கூரை, பக்கத்தில் ஒரு பெரிய வேம்பு. வெளிநாட்டு உதவியில் கட்டி, பெயர்க்கல் வைத்துத் திறந்த கட்டடம். ஐந்தாம் வருடத்தில் உள்ளே பத்திரிகை மேசைக்கு மேல் ஈரத் திட்டு ஒன்று தெரிந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் குழாய் வாயை வேப்பிலையும் பறவை எச்சமும் சேர்ந்து களியாக அடைத்திருந்தன. கூரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் நுளம்புக் குடம்பிகள் துடித்தன. சனத்தின் வளவில் சிரட்டையில் தண்ணீர் நின்றால் டெங்குக்கு வழக்குப் போடுகிற காலத்தில், பொதுக் கட்டடத்தின் தலைமேல் ஒரு குளம். கையை விட்டு இரண்டு வாளி களியை அள்ளினேன். கால் மணித்தியாலத்தில் தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டது. செலவு ஒரு ரூபாவும் இல்லை.

இறங்கி வந்து ஒரு கடிதம் எழுதினேன்: வருடத்துக்கு இரண்டு முறை ஒரு தொழிலாளியை ஏற்றிக் குழாய் வாய் துப்புரவாக்க வேண்டும், கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும் என்று. ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. அடுத்த வருடமும் எழுதினேன், அதற்கடுத்த வருடமும் எழுதினேன். இடையில் விருந்தினர் வரும் போதெல்லாம் ஈரத் திட்டுக்கு மேல் வெள்ளை பூசினார்கள். மூன்று முறை பூசியதை நான் எண்ணினேன். பிறகொரு மாரியில் மேசைக்கு மேலிருந்து தேங்காய்ப் பாதி அளவு கொங்கிறீற் விழுந்தது. அன்று போயா விடுமுறை. வாசிகசாலை பூட்டிக் கிடந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. இப்போது அந்தக் கூரையை முட்டுக் கொடுத்துக் கொத்தி, கம்பி சேர்த்துத் திருத்த வேண்டும். அதற்கும் ஒதுக்கீடு இல்லை. கட்டடம் பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் பக்கத்துக் கடை விறாந்தையில் நின்று பத்திரிகை வாசிக்கிறார்கள்.

1980-களில் டி சிற்றர் என்ற பொறியியலாளர் இதை ஐந்தின் விதி என்று எழுதினார். கட்டும்போதே சரியாகச் செய்ய ஒரு ரூபா போதுமானால், விட்டதைக் கறள் பிடிக்குமுன் பராமரிப்பில் சரிசெய்ய 5 ரூபா, கறள் தொடங்கிய பின் திருத்த 25 ரூபா, முற்றிய பின் முழுத் திருத்தத்துக்கு 125 ரூபா. அந்த வாசிகசாலையில் நான் இந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் பார்த்தேன்.

பெரிய இடங்களிலும் இதே தவறு நடக்கிறது, விலைதான் வேறு. அமெரிக்காவின் மயாமிக்குப் பக்கத்தில் சேர்ப்சைட் என்ற கடற்கரை ஊரில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு. நீச்சல் தடாகத் தளத்தின் நீர்த்தடுப்புக் கெட்டுக் கீழுள்ள கொங்கிறீற் பழுதாகிறது என்று 2018-ல் பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் கொடுத்தார். செலவை யார் எப்படித் தாங்குவது என்ற பேச்சு நீண்டது. 2021 ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் 1986-ல் நியூ வேர்ல்ட் ஹோட்டல் இருந்த கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டபின், அங்கே சட்டமே வந்தது. குடியிருப்புக் கட்டடங்களை 10 வருடத்துக்கு ஒருமுறையும் மற்றவற்றை 5 வருடத்துக்கு ஒருமுறையும் பொறியியலாளர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் கட்டடங்கள் ஒரு மாடி, மிஞ்சினால் இரண்டு மாடி. அப்படிச் சரிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் முன்பள்ளியின் வாசற்படிக்கு மேலிருந்து ஒரு கைப்பிடித் துண்டு விழுந்தாலே ஒரு பிள்ளைக்கு அது போதும்.

இந்த வருடப் பாதீட்டுக்கு உட்காரும்போது நான் கேட்பது இது. உங்கள் சபைக்குச் சொந்தமான ஒவ்வொரு பொதுநோக்கு மண்டபத்துக்கும், சந்தைக்கும், வாசிகசாலைக்கும், முன்பள்ளிக்கும், தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு கொப்பி திறவுங்கள். எந்த வருடம் கட்டியது, யார் கட்டியது, வரைபடம் எங்கே இருக்கிறது, ஷெல் பட்ட கட்டடமா, எப்போது என்ன திருத்தம் நடந்தது. போருக்கு முன் கட்டி, தூண் சிதறி, 2010-ல் அவசரமாகப் பூசி மறைத்துத் திரும்பத் திறந்த கட்டடங்கள் எல்லாப் பிரதேசத்திலும் உண்டு. அவற்றில் எந்தத் தூணுக்குள் என்ன இருக்கிறது என்பது, அன்று நின்று பூசிய மேசனின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த மேசன்மாருக்கும் வயதாகிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடங்களை முதலில் ஒரு பொறியியலாளரைக் கொண்டு பாருங்கள்.

அடுத்தது, புரட்டாதிக்குள் ஒரு சுற்று. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மார்கழி வரை விடாது. 2018 மார்கழி வெள்ளம் எங்கள் மாவட்டங்களை என்ன செய்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இந்தச் சுற்றுக்குப் பெரிய கருவி வேண்டாம். ஏணி, வாளி, சின்னச் சுத்தியல், ரோச் லைற். கூரையில் தண்ணீர் வழியைத் திறவுங்கள். குரங்கு உடைத்த பீலியையும் ஓட்டையும் மாற்றுங்கள். சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று ஆலங்கன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடுங்கினால் மேல்தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே நின்று அடுத்த மாரியில் இன்னும் தடித்து முளைக்கும். வெட்டிய தண்டில் மருந்து வைத்து வேரைச் சாகடித்த பிறகே வெடிப்பை அடைக்க வேண்டும். தாங்கியின் இணைப்புக்குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டு என்று விடுகிறோம். இரவும் பகலும் ஒரே இடத்தில் விழும் அந்தச் சொட்டுக்குக் கீழே உள்ள தட்டுக்கு வருடம் முழுக்க மாரிதான்.

பிறகு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது எங்கள் அம்மாமார் விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அதே பரீட்சைதான். நல்ல கொங்கிறீற் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே பிரிந்துவிட்டது பொத்தென்று வெறுங்குரலில் சொல்லும். வெறுங்குரல் கேட்ட இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, கொப்பியில் எழுதி, அடுத்த வருடம் அதே இடத்தைத் திரும்பத் தட்டுங்கள். வட்டம் பெருத்திருந்தால் காத்திருக்காதீர்கள்.

திருத்தும்போது தயவுசெய்து பூசி மறைக்காதீர்கள். கறள் பிடித்த கம்பிக்கு மேல் பூசிய புதுப் பூச்சு, மூன்று மாரிக்குள் பெரிய துண்டாகக் கழன்று விழும். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். பிறகு பழுதான கொங்கிறீற்றைக் கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அதற்குரிய கலவையால் நிரப்பி, ஒரு கிழமை ஈரம் காக்க வேண்டும். உப்பு ஏறிய கட்டடத்தில் இதுவும் போதாமல் போகலாம். அங்கே பழுதான இடத்தைத் தாண்டியும் கொத்த வேண்டிவரும். பீமையோ தூணையோ முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் கொத்தக்கூடாது. இதை எழுத்தில், தடித்த எழுத்தில், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் போடுங்கள். கூரை ஒழுகுகிறது என்று அதற்கு மேல் இன்னொரு படை சீமெந்து ஊற்றும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பலவீனமாகிய தட்டுக்கு மேல் அது இன்னொரு பாரம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பொதுக் கட்டடங்களுக்கு, இன்று திரும்பக் கட்டினால் ஆகும் பெறுமதியில் வருடத்துக்கு 2 முதல் 4 வீதம் பராமரிப்புக்கு வைக்க வேண்டும் என்பது உலகில் பலர் ஏற்ற அளவு. ஒரு கோடி ரூபா மண்டபத்துக்கு வருடம் இரண்டு இலட்சம். உங்கள் வருமானத்துக்கு அது கூடுதல் என்று எனக்குத் தெரியும். ஒரு வீதத்தில் தொடங்குங்கள். அரை வீதத்தில் தொடங்கினாலும் கூரை துப்புரவாகும், பீலி மாறும். ஆனால் அதற்கென்று பாதீட்டில் தனி வரி இருக்கட்டும், வேறு செலவுக்கு அதைத் திருப்பாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளிடம் நீங்கள் கேட்கும்போதும் இதைச் சேர்த்துக் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்குப் பணம் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. பத்து வருடத்துக்குமுன் தாங்களே தந்த மண்டபம் இன்று எப்படி நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. அனுப்புங்கள். இன்ன மண்டபத்தின் கூரைக்கு ஐந்து வருட நீர்த்தடுப்பு என்று கணக்கோடு கேட்டால் தருவார்கள்.

வீடுகள் உங்கள் சொத்து இல்லை, ஆனால் கட்டட அனுமதி உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. அனுமதிக் கடிதத்தோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். தமிழில், படத்தோடு. கம்பிக்கும் பலகைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி, எந்தத் தண்ணீரில் குழைக்கலாம், எத்தனை நாள் ஈரம் காக்க வேண்டும், பத்து வருடத்தில் எதைப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அந்தத் தாளில் எழுதுங்கள். எங்கள் ஊர்களில் எந்த வீதியில் போனாலும் ஒருமாடி வீடுகளின் தலையில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மகன் காசு அனுப்பினால், மகளுக்குக் கலியாணம் வந்தால் மேலே கட்டலாம் என்று விட்டவை. அந்தக் கம்பி வழியே ஒவ்வொரு மாரியும் தண்ணீர் தூணுக்குள் இறங்குகிறது. மேல்மாடி கட்டும் நாள் வரும்போது கம்பியில் பாதி இருக்காது. கறளைத் தேய்த்து, சீமெந்துக் கரைசல் தடித்துப் பூசி, சீமெந்து குறைந்த கலவையால் ஒரு சிறு குத்தி போல மூடிவிட்டால் பல வருடம் காக்கலாம். தூணொன்றுக்கு அரை நாள் வேலை.

அந்த அம்மாவின் யன்னல் தட்டை ஆனி மாதத்தில் திருத்தினோம். அந்த வீட்டைக் கட்டிய அதே மேசன் வந்தார். கொத்தி முடித்துக் கம்பியைத் தேய்க்கும்போது, "ஐயா, அண்டைக்கு இந்தக் கட்டையை வைச்சிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அண்டைக்குப் பக்கத்தில் நின்றவன், நானும் பார்க்கவில்லை என்றேன். இந்த முறை கட்டை வைத்தோம். அம்மா ஏழு நாளும் காலையும் மாலையும் செம்பால் தண்ணீர் ஊற்றினார். எட்டாம் நாளும் ஊற்றியதாகப் பேத்தி சொன்னாள்.

புரட்டாதி முதல் சனிக்கிழமை நான் அந்தப் பூட்டிய வாசிகசாலைக்குப் போகிறேன். கூரையைத் திருத்த என்னால் முடியாது. ஆனால் மழைக்கு முன் இலைகளை அள்ளி, எங்கெங்கே வெறுங்குரல் கேட்கிறது என்று தட்டி, கொப்பியின் முதற்பக்கத்தை நானே எழுதித் தருகிறேன். வாளியும் சுத்தியலும் என்னிடம் உண்டு. மேசனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதினாறு அடி ஏணியும் கட்டடத்தின் திறப்பும் சபையில் இருக்கின்றன. அன்று காலை எட்டு மணிக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்
கிளிநொச்சி